எண்பத்திரண்டாவது கட்டம்

எங்கள் வீட்டுக் கூடத்தில் மாதா படத்துக்கும் மாமனார் படத்துக்கும் நடுவில் தனிம வரிசை அட்டவணை தொங்குகிறது. மாட்டியது நான்தான். "சாமிக்கும் எங்க நைனாவுக்கும் நடுவுல இன்னாமே இது, தாயக்கட்டமா?" என்று அன்றைக்கே கேட்டார் என் வீட்டுக்காரர்.

ராயபுரம் மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் மூன்றாவது மாடியில் இருக்கிறோம். அவர் விசைப்படகில் போகிறார். நான் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அறிவியல் டியூஷன் எடுக்கிறேன். கெமிஸ்ட்ரி படித்தவள் போயும் போயும் படகுக்காரரைக் கட்டிக்கொண்டாளே என்று பேசிய வாயெல்லாம் பேசிப் பேசி ஓய்ந்துவிட்டன. எனக்குப் பிடித்திருந்தது, கட்டிக்கொண்டேன். அவர்களுக்கென்ன வந்தது?

நான் சொல்லப்போவது ஒரு தடைக்காலத்தில் நடந்தது. மீன் குஞ்சு பொரிக்கும் காலம் என்று படகுகளைக் கடலுக்கு விடமாட்டார்கள். ஆண்கள் வீட்டில் உட்கார்ந்து வலையைச் சீர் செய்வார்கள். அப்போது நான் நான்கு மாதக் கர்ப்பம். முந்தைய வருடம் ஒன்று வயிற்றில் தங்காமல் போயிருந்தது. அதனால் வீட்டில் இரண்டு பேருமே சத்தமாகச் சிரிக்கக்கூடப் பயந்துகொண்டிருந்தோம். காலையில் எழுந்ததும் அவர் என் வயிற்றில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். வைத்துப் பார்த்துவிட்டு டீ போடப் போவார்.

டியூஷன் பிள்ளைகளிடம், வீட்டிலிருந்து ஆளுக்கொரு தனிமம் கொண்டு வாருங்கள் என்று சொல்லியிருந்தேன். ஒருத்தி செம்புக் கம்பி கொண்டுவந்தாள். ஒருத்தன் பூஜை மணியையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். "டேய், பித்தளைக்குக் கட்டம் கிடையாதுடா. அது செம்பும் துத்தநாகமும் சேர்ந்த கலப்பு. தனிமம்னா எவ்வளவு பொடிச்சாலும் ஒரே வகை அணுதான் இருக்கணும். மணிய வச்சிட்டு வா, உங்கம்மா தேடப் போறாங்க" என்றேன். ஆலைப் புகை சூழ்ந்த எண்ணூரிலிருந்து வரும் பையன் காலி பாட்டிலை இறுக்கி மூடிக் கொண்டுவந்து, ஆக்சிஜன் டீச்சர் என்றான். "எண்ணூர்ல புடிச்ச காத்துல ஆக்சிஜன் மட்டுமாடா இருக்கும்?" என்றதும் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

மூலையில் வலை முடிந்துகொண்டிருந்த என் வீட்டுக்காரருக்கும் ஆசை வந்துவிட்டது. வலையின் அடியில் கட்டும் ஈயக்குண்டு ஒன்றை எடுத்து நடுவில் போட்டார். "எங்க வூட்டு சார்பா இது." பிள்ளைகள் கை தட்டினார்கள். நான் பெருமையாக எழுந்து எண்பத்திரண்டாவது கட்டத்தைக் காட்டினேன். குண்டு கைக்குக் கை மாறியது.

"தொட்டவங்க எல்லாம் சோப்புப் போட்டுக் கை கழுவிட்டுத்தான் முறுக்கு எடுக்கணும். ஈயம் வயித்துக்குள்ள போகக் கூடாது."

சொல்லிக்கொண்டே சமையலறைப் பக்கம் திரும்பினேன். ஓர் அடுப்பில் சாம்பார் இருந்தது. பக்கத்து அடுப்பில் அவர் ஈயம் உருக்கும் இரும்புச் சட்டி இருந்தது. ஓடிப்போய்ச் சாம்பாரைத் தட்டுப் போட்டு மூடினேன்.

எங்கள் பக்கத்தில் இது வழக்கம். கிழிந்த வலையிலிருந்து குண்டுகளை அறுத்தெடுத்து, சட்டியில் உருக்கி, அச்சில் ஊற்றிப் புதுக் குண்டாக்குவார்கள். கரையில் காற்றுக்கு அடுப்பு நிற்காது என்று அவர் வீட்டுக்குள்ளேயே உருக்குவார். போன தடைக்காலத்திலும் அப்படித்தான் உருக்கினார். நானும் பக்கத்தில் நின்று சோறு வடித்துக்கொண்டிருந்தேன்.

பிள்ளைகள் போனதும் சட்டியைத் தூக்கி வாசலில் வைத்தேன்.

"யோவ், இனிமே இந்த வூட்ல ஈயம் உருக்கக் கூடாது."

"இன்னாமே திடீர்னு?"

"அந்தப் புகையும் தூசும் சோத்துல படியுது, துணியில படியுது. புள்ளைக்கு ஆவாது."

"எங்க ஆத்தா அடுப்புலதான் நைனா உருக்கினாரு. நான் இன்னா செத்தா பூட்டேன்? நெருப்புல வெந்தா எந்த கலீஜும் பூடும்மே. சும்மா பேஜார் பண்ணாத."

எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது. ரத்தம், எலும்பு, அணு என்று கத்தித் தீர்த்தேன். அவர் கீழே கிடந்த குண்டை எடுத்து விரலால் துடைத்தார்.

"இது எங்க நைனா வலையில கெடந்த ஈயம்மே. அவருக்கு அவங்க நைனா குட்த்தது. எத்தினி வாட்டி உருக்கியாச்சு! அந்த வலை பூட்ச்சு, படகு பூட்ச்சு, நைனாவும் பூட்டாரு. இது மட்டும் அப்டியே கீது. ஈயம் எங்கயும் பூடாது."

என் கோபம் அப்படியே அடங்கிவிட்டது. அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அதத்தான்யா நானும் சொல்றேன். எந்த நெருப்புல போட்டாலும் ஈயம் ஈயமாத்தான் இருக்கும். என் உடம்புக்குள்ள பூந்தாலும் லேசுல பூடாது. எலும்புல போய் குந்திக்கும். அங்கேர்ந்து புள்ளைக்குப் போவும்."

அவர் தன் உள்ளங்கையைப் பார்த்தார். ரேகையெல்லாம் கறுத்திருந்தது.

"அப்போ போன வருசம் போனது?"

"தெர்லய்யா. டாக்டரம்மாவுக்கே தெர்ல. நீயா இழுத்து உன் தலைல போட்டுக்காத."

அவர் அழுது நான் பார்த்ததே இல்லை. அன்றைக்குப் பார்த்தேன். கையைப் பிடித்துக் குழாயடிக்குக் கூட்டிப் போய், சோப்புப் போட்டு, நக இடுக்கெல்லாம் நானே தேய்த்துக் கழுவிவிட்டேன். என் கண்ணிலும் தண்ணீர் நிற்கவில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரியில் எல்லாவற்றையும் சொன்னேன். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். பயப்படும்படி இல்லை, ஆனால் இனிமேல் அந்தப் பக்கமே போகாதே என்றார் டாக்டரம்மா. நான் வீடு திரும்புவதற்குள் அவர் சட்டியையும் அச்சையும் கரைக்குக் கொண்டுபோய்விட்டார். மூன்று பக்கம் தகரம் நட்டு, மூக்கில் துணி கட்டிக்கொண்டு அங்கேதான் உருக்கினார். "இன்னா மாமு, வூட்ல தொரத்திட்டாங்களா?" என்று தோஸ்துகள் ஓட்டினார்களாம். "ஆமா மாமு, எம் புள்ள தொரத்திட்ச்சு" என்றாராம். உருக்குகிற நாளில் அங்கேயே குளித்து, சட்டை மாற்றிக்கொண்டுதான் படியேறுவார். வயிற்றில் கை வைப்பதை மட்டும் அடியோடு நிறுத்திவிட்டார். கழுவின கைதானே, வையேன்யா என்று நான் கெஞ்சியும் கேட்கவில்லை.

மழைக்காலத்தில் மகள் பிறந்தாள். நர்ஸ் துணியில் சுற்றி அவரிடம் நீட்டினார். அவர் வாங்காமல் குழாய்ப் பக்கம் ஓடினார். ஈயத்தைத் தொட்டு மாதக்கணக்காகிவிட்டது, ஆனாலும் நின்று நின்று கழுவினார். "இன்னாப்பா, கையே தேஞ்சிடும் போலகீது" என்று நர்ஸ் அதட்டினார். தண்ணீர் சொட்டச் சொட்ட வந்து, டியூஷன் பிள்ளைகள் காட்டுவதுபோல் இரண்டு உள்ளங்கைகளையும் என் முகத்துக்கு நேரே விரித்தார்.

"பாருமே. சுத்தமா கீதா?"

"கீதுய்யா. புள்ளைய வாங்கு."

ஈரம் துடைத்துக்கொண்டு வாங்கினார்.