பதினோரு நிமிடத் துணிக்கொடி

அக்காவின் குரல்வளையை எடுத்துவிடப் போகிறார்கள் என்று தெரிந்த வாரத்தில்தான் எங்கள் படத்தில் நடிக்க அவளைக் கேட்டேன். கேட்டது தம்பியா, படம் எடுக்கிறவனா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

அப்போது எனக்கு மாதாப்பூரில் மென்பொருள் வேலை. கூட வேலை பார்த்த நண்பனும் நானும் சனி, ஞாயிறுகளில் குறும்படம் எடுக்கிறோம் என்று திரிந்துகொண்டிருந்தோம். அவனுக்கு பிலிம் என்றால் உயிர். எனக்கு அந்தப் பயபக்தியெல்லாம் கிடையாது. பிறந்தநாள், வளைகாப்புக்கு என்று வாங்கிய, டேப் போடும் என் ஹேண்டிகேம் போதும் என்றேன். நிறுத்தாமல் ஒரு மணி நேரம் ஓடும், அங்கேயே போட்டுப் பார்க்கலாம், பிடிக்காவிட்டால் அழித்துவிட்டு மறுபடி எடுக்கலாம் என்று பீற்றிக்கொண்டேன். "பிலிம்ல விழுந்தது விழுந்ததுதான்டா. அதுல ஒரு நிம்மதி இருக்கு" என்றான். பழைய பஞ்சாங்கம் என்று அவனைக் கிண்டல் செய்தேன்.

காட்சி இவ்வளவுதான். ஒரு தாய், மகளிடம் அவள் பிறந்த கதையைச் சொல்கிறாள். அல்வாலில் அக்கா வீட்டுச் சமையலறையில் எடுத்தோம். வசனம் எதுவும் எழுதவில்லை. அக்கா தன் மகள் பிறந்த கதையையே சொன்னாள். ரயில்வே பணிமனையில் ஷிப்டில் இருந்த வீட்டுக்காரருக்குத் தகவல் போகாதது, மழைத் தண்ணீரில் ஆட்டோ நின்றுபோனது, பக்கத்து வீட்டு அம்மா உருதுவில் ஆட்டோக்காரரைத் திட்டியது என்று கரகரத்த தொண்டையோடு பத்து நிமிடத்துக்கு மேல் பேசினாள். ஏழு வயது மகளுக்காகத்தான் பேசுகிறாள் என்று எங்கள் மூவருக்கும் தெரியும்.

பேசி முடித்ததும் எப்படி வந்திருக்கிறது என்று கேட்டாள். டேப்பை முதலிலிருந்து குட்டித் திரையில் ஓட்டிக் காட்டினேன். அரை நிமிடம்கூடப் பார்க்கவில்லை. "நக்கோடா, வேணாம், என் மூஞ்சிய நானே பாக்கணுமா" என்று எழுந்து அடுப்பைப் பற்றவைத்தாள். பாட்டு கேசட் கேட்டு வளர்ந்த பழக்கத்தில், டேப்பை மறுபடி முதலுக்கே சுற்றி வைத்தேன்.

அதற்குள் நண்பன் மாடியிலிருந்து கூப்பிட்டான். கொடியில் காயும் துணிகள் மேல் நல்ல வெயில், போவதற்குள் எடு என்றான். ஓடினேன். பொத்தானை அழுத்தினேன். டேப்தானே, ஓடட்டும் என்று பதினோரு நிமிடம் ஓடவிட்டேன்.

மறுநாள் கணினியில் ஏற்றும்போது அக்கா இல்லை. அவள் பேசிய இடமெல்லாம் துணி ஆடிக்கொண்டிருந்தது. ஓரத்தில் அவள் நைட்டிகூட இருந்தது.

அறுவைச் சிகிச்சைக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. இப்போதே போய் உண்மையைச் சொல்லி மறுபடி எடுப்போம் என்று நண்பன் கெஞ்சினான். தொண்டையை வருத்தக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார் என்றேன். அது சாக்கு. அழித்துவிட்டு எடுக்கலாம் என்று பெருமையடித்த வாயால் அழித்துவிட்டேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அந்த இரண்டு நாளும் ஆபீசுக்குப் போனேன், கேன்டீனில் சாப்பிட்டேன். அக்கா போனில் கேட்டபோது நன்றாக வந்திருக்கிறது என்றேன்.

மூன்று வாரம் கழித்து அக்கா வீடு திரும்பினாள். கழுத்தில் துளை, கையில் மகளுடைய சிலேட்டு. டேப்பைப் போடச் சொல்லி எழுதிக் காட்டினாள். தப்பிக்க வழியில்லை. டிவியில் இணைத்துப் போட்டேன்.

துணிகள் ஆடின. குழந்தைக்குத் தமிழ் புரியும், பதில் மட்டும் தெலுங்கில்தான் வரும். "மாமா, அம்மா ஏதி?" என்று கேட்டாள். அம்மா எங்கே என்று, அம்மாவின் மடியில் உட்கார்ந்தபடியே. அக்கா திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

பதினோரு நிமிடம் முடிந்ததும் படம் கட்டம் கட்டமாக உடைந்தது. நான் அழிக்காமல் விட்ட கடைசித் துண்டில் அக்காவின் முகம் வந்தது. கதை முடிந்துவிட்டிருந்தது. முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு கேமராவுக்குப் பின்னால் இருந்த என்னைப் பார்த்தாள்.

"வந்துச்சாடா? சரியா வரலைன்னா சொல்லு. நாளைக்கு இன்னொரு தடவ சொல்றேன்."

அத்தோடு டேப் வெறுமையானது. அக்கா சிலேட்டில் எழுதினாள்: எப்போ தெரியும்?

"மறுநாளே" என்றேன்.

அவள் சிலேட்டைத் துடைத்துக் குழந்தையிடம் கொடுத்துவிட்டாள்.