என்னைப் பெண் பார்க்க வந்த கார்

என் அப்பாவிடம் சொந்தமாக இருந்தது ஒரு சைக்கிள், அவ்வளவுதான். அதன் மணியும் அடிக்காது. ஆனாலும் புதுச்சேரியில் எந்தத் தெருவில் எந்தக் கார் போனாலும் அதன் முகம் சரியில்லை, முதுகு சரியில்லை என்று தீர்ப்புச் சொல்லத் தனக்கு அதிகாரம் உண்டு என்று அவர் நம்பினார். பிரெஞ்சுக்காரர்கள் கொடியை இறக்கிவிட்டுப் போய் மூன்று, நான்கு வருடம் ஆகியிருக்கும். அப்பாவுக்குக் கோர்ட்டில் குமாஸ்தா வேலை. சாயங்காலமானால் கடற்கரைச் சாலைக்குப் போய்விடுவார். அங்கே அவருக்கு இரண்டு கூட்டாளிகள் இருந்தார்கள். ஒருவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கிக்கொண்டு வந்தவர். ஊரில் அந்த மாதிரி ஆட்களைச் சொல்தா என்பார்கள், நாங்களும் அவரை அப்படித்தான் சொல்வோம். அவர் அப்பாவைப் பிரெஞ்சு மரியாதையில் முசே என்று கூப்பிடுவார். இன்னொருவர் எங்கள் தெருத் தையற்காரர். இந்த மூன்று பேரும் கார் ஓட்டியது கிடையாது. சொல்தா மட்டும் லாரியின் பின்னால் உட்கார்ந்து பாதி ஆப்பிரிக்காவைப் பார்த்திருக்கிறார்.

அந்த நாளில் இவர்களுக்குள் ஓயாமல் ஒரு சண்டை நடந்தது. பாரிஸில் புதிதாக ஒரு பெரிய கார் வந்திருந்தது. பணக்காரர் கார், வேகமான கார். சொல்தாவுக்கு வரும் பிரெஞ்சுப் பத்திரிகைகளில் அதன் படம் இருந்தது. மற்ற கார்களுக்கு முன்னால் பளபளவென்று கம்பி வலை இருக்குமே, இதற்கு அது கிடையாது. மூக்கு மொழுக்கென்று கீழே சரிந்திருக்கும். பின் சக்கரத்தில் பாதியைத் தகடு மூடியிருக்கும். சொல்தா அதைக் கடவுள் செய்த கார் என்பார். அப்பாவுக்கு அதைக் கண்டாலே ஆகாது. தையற்காரர் வெட்டு எப்படி, தையல் எப்படி என்று தன் கணக்கில் பேசிவிட்டுக் கடைசியில் யார் கை ஓங்கியிருக்கிறதோ அவர் பக்கம் சாய்ந்துவிடுவார். சுண்டல்காரன்கூட அந்த இடத்தில் நின்று வியாபாரம் செய்ய மாட்டான். காது வலிக்கும் என்று பயந்திருப்பான்.

அம்மாவுக்கு இதெல்லாம் எரிச்சல். "வீட்ல பொண்ணு இருபத்திரண்டு வயசுல நிக்கிறா, இவருக்கு வண்டி மூஞ்சி சரியில்லையாம்" என்பாள். அவள் சொன்னதில் தப்பில்லை. என்னை அதற்குமுன் இரண்டு இடத்திலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். ஒருவருக்கு நான் உயரம். இன்னொருவர் காரணமே சொல்லவில்லை. நாங்கள் இருந்த சாரம் பேட்டையில், எங்கள் தெருவில் எல்லோருக்கும் அது தெரியும். குழாயடியில் யாராவது என்னிடம் அன்பாகப் பேசினாலே எனக்கு உடம்பு கூசும். எனக்குப் பின்னால் தங்கை ஒருத்தி வேறு இருந்தாள். மூன்றாவதும் தட்டிப் போனால் இந்தப் பெண்ணிடம் என்னவோ இருக்கிறது என்று பேச ஆரம்பித்துவிடுவார்கள். அதற்கப்புறம் யாரும் வர மாட்டார்கள்.

அப்படி இருக்கும்போது அந்த வரன் வந்தது. பையன் சைகோனில் பாங்கு வேலையில் இருந்தவன். வேலையை முடித்துக்கொண்டு ஊரோடு வந்துவிட்டான். அப்பா அம்மா இல்லை. கடலூரில் இருந்த பெரியப்பாவும் பெரியம்மாவும்தான் வளர்த்தவர்கள். அவர்கள் பெண் பார்க்கிற அன்று காலையில்தான் பஸ்ஸில் வந்து இறங்கி, அவனோடு சேர்ந்து எங்கள் வீட்டுக்கு வருவதாக ஏற்பாடு. முதல் நாளே தரகர் வந்து இன்னொரு செய்தியும் சொன்னார். பையன் கப்பலில் ஒரு கார் இறக்கியிருக்கிறானாம். அப்பா எந்தக் கார் என்று கேட்டார். தரகருக்குப் பேர் தெரியவில்லை, மூக்கில்லாத வண்டி என்றார்.

அம்மா அடுப்படியில் இருந்து ஓடி வந்தாள். "இந்தாங்க, சாமி சத்தியமா சொல்றேன், அந்த வண்டியப் பத்தி நாளைக்கு ஒரு வார்த்த பேசக் கூடாது. நல்லாருக்குன்னும் சொல்ல வேணாம், நல்லா இல்லன்னும் சொல்ல வேணாம்."

"நான் இன்னா சின்னக் கொழந்தையா?" என்றார் அப்பா.

மறுநாள் கார் எங்கள் தெருவுக்குள் திரும்பியது. இளம்பச்சை உடம்பு, வெள்ளைக் கூரை. சத்தமே இல்லை. வீராம்பட்டினம் தேருக்குக் கூடுகிற மாதிரி கூட்டம் கூடிவிட்டது. சொல்தாவும் தையற்காரரும் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு முன்வரிசையில் நின்றார்கள். அவர்களை யாரும் அழைக்கவில்லை. பெரியப்பாவும் பெரியம்மாவும் இறங்கி உள்ளே வந்தார்கள். பையன் வரவில்லை. காரின் மேல் ஒட்டியிருந்த தூசியைக் கைக்குட்டையால் தட்டிக்கொண்டு நின்றான்.

நான் உள்ளறையில், ஜன்னலுக்குப் பின்னால் பட்டுப் புடவையில் வேர்த்துக்கொண்டிருந்தேன். தெரு நன்றாகத் தெரிந்தது, எல்லாம் காதில் விழுந்தது.

அப்பா கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்தார், பாவம். வாங்க தம்பி, உள்ள வாங்க என்று இரண்டு தரம் கூப்பிட்டார். கண்ணைக் காரின் பக்கம் திருப்பாமல் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். சொல்தாதான் கெடுத்தார். காரைச் சுற்றி வந்து பெருமூச்சு விட்டு, "என்னா முசே, இப்ப இன்னா சொல்றீங்க? நேர்ல பாத்துட்டீங்க இல்ல?" என்றார்.

அப்பா இன்னும் உயரமாக வானத்தைப் பார்த்தார்.

"நம்ம முசேவுக்கு இந்த வண்டி புடிக்காது தம்பி" என்று பையனிடமே சொல்லிவிட்டார் சொல்தா.

"அப்படியா? ஏன் புடிக்காது?" என்றான் அவன். கோபம் இல்லை. ஆசையோடு கேட்டான். யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவன் போல் இருந்தது.

அவ்வளவுதான், மடை திறந்துகொண்டது. "தம்பி, நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது" என்று ஆரம்பித்தார் அப்பா. உள்ளே அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். "முன்னாடி பாத்தா தவள. பின்னாடி வாங்க, இந்தப் பக்கம் வாங்க. முன்பக்கம் அவ்ளோ அகலமா போட்டுட்டு பின்னாடி ஏன் இப்பிடி குறுக்கி வெச்சிட்டான்? துணி பத்தல போலருக்கு. வண்டின்னா ஒரு நெத்தி வேணும் தம்பி. பூச பண்ணா சந்தனம் எங்க வெப்பீங்க?"

தெருவே சிரித்தது. பையனும் சிரித்தான். தலையைப் பின்னால் சாய்த்து, பல் தெரிய, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "தவளன்னுதான் சைகோன்லயும் சொல்லுவாங்க" என்றான். அப்பாவின் தோளில் கை போட்டான். காற்று எப்படி மூக்கின் மேல் வழுக்கிக்கொண்டு போகிறது என்று கையால் தடவிக் காட்டினான். கூரை ஓரத்தில் ஒளிந்திருந்த விளக்கைக் காட்டினான். கதவைத் திறந்து ஒரே கம்பி வைத்த ஸ்டியரிங்கைக் காட்டினான். தையற்காரர், வண்டிக்கு இடுப்புப் பிடித்த விதம் அருமை என்றார். அப்பா, இருக்கட்டும், ஆனா கால மூடிட்டானே என்று பின் சக்கரத்துக்குப் போனார். நாலு ஆண்பிள்ளைகளும் ஒரு காரைச் சுற்றிச் சுற்றி வந்து, குனிந்து, நிமிர்ந்து, தள்ளி நின்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்கள்.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. உள்ளே காபியை இரண்டாம் தரம் சுட வைத்தாகிவிட்டது. பெரியம்மா என் கையைப் பிடித்து, நடக்கச் சொல்லி, முடியைத் தொட்டுப் பார்த்து, எல்லாம் ஆகிவிட்டது. அந்த அம்மாளுக்கு என்னைப் பிடித்திருந்தது. அதைச் சொல்லவும் சொன்னாள். "உயரமா இருந்தா இன்னா, அவனும் உயரந்தான்" என்றாள். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும் ஒரு நிமிடம் நெஞ்சு லேசானது. பொய் சொல்வானேன், ஜன்னல் வழியாகப் பார்த்தவரைக்கும் அவனை எனக்கும் பிடித்துத்தான் இருந்தது. அப்படிச் சிரிக்கிற மனுஷனோடு குடித்தனம் பண்ணலாம் என்று நினைத்தேன்.

ஒருவழியாக அவன் உள்ளே வந்து உட்கார்ந்தான். நான் காபித் தட்டோடு போனேன். பெண் பார்க்க வந்தால் பெண்ணுக்கு வெட்கம் வரவேண்டும் என்பார்கள். எனக்கு வந்தது வெட்கமில்லை, பயம். டம்ளரை எடுத்தான். நிமிர்ந்து என்னைப் பார்த்தான். வெளியே இவ்வளவு நேரம் இருந்த சிரிப்பு அவன் முகத்தில் அப்போதும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. பார்த்த மாத்திரத்தில் அது போய்விட்டது. மறுபடி அவன் என்னைப் பார்க்கவில்லை. சர்க்கரை சரியாக இருக்கிறது என்றான்.

அந்த நேரத்தில் தெருவில் ஒரே கூச்சல். "ஐயோ, வண்டி உக்காந்துருச்சு!" என்று யாரோ கத்தினார்கள். எல்லோரும் வாசலுக்கு ஓடினோம். உண்மைதான். வரும்போது நிமிர்ந்து நின்ற கார் இப்போது தரையோடு தரையாகப் படிந்து கிடந்தது. பின் சக்கரம் கண்ணில் படவே இல்லை.

பெரியம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "முருகா, நல்ல காரியத்துக்கு வந்த எடத்துல இப்பிடியா?" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "பொண்ணு வீட்டு வாசல்ல வண்டி உக்காந்துபோச்சே. கௌம்பும்போது நல்லாத்தான இருந்துச்சு!"

அப்பா பதறிப்போய் முன்னால் வந்தார். "அம்மா, அம்மா, ஒண்ணுமில்ல. இந்த வண்டி ஜாதியே இப்பிடித்தான். இதுக்கு மத்த வண்டி மாதிரி அடியில வில்லு கெடையாது. எண்ணெயும் காத்தும் வெச்சிருக்கான். இன்ஜின நிறுத்தினா கொஞ்ச நேரத்துல தானா எறங்கும். கௌப்பினா தானா ஏறிடும். நான் படிச்சிருக்கேன்." சொல்தாவும் தன் பத்திரிகையின் மேல் ஆணை என்றார்.

பெரியம்மா கேட்கவில்லை. இவர்கள் காரியம் கெடக்கூடாது என்று கதை கட்டுகிறார்கள் என்று நினைத்தாள். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். கார் எழுந்து நிற்குமாம், மாடா அது? "நீ சொல்லுப்பா, அப்பிடியா?" என்று பையனைக் கேட்டாள்.

"சொல்லுங்க தம்பி" என்றார் அப்பா. அவருக்குக் கவலையே இல்லை. காருக்குச் சொந்தக்காரனே நிற்கிறான், ஒரு வார்த்தை போதும். தெரு முழுக்க அந்த ஒரு வார்த்தைக்குக் காத்திருந்தது. நானும் காத்திருந்தேன்.

அவன் காரைப் பார்த்தான். தரையைப் பார்த்தான். "பெரியவங்களுக்கு மனசு ஒப்பலன்னா அப்பறம் நான் சொல்றதுக்கு இன்னா இருக்கு பெரீம்மா. உங்க இஷ்டம்" என்றான்.

அப்பாவுக்குப் புரியவில்லை. "தம்பி, அதில்ல, வண்டியப் பத்தி சொல்லுங்க" என்று மறுபடி கேட்டார். அவன் அதற்குள் கதவைத் திறந்துவிட்டான். பெரியப்பா தெரிவிக்கிறோம் என்றார். பெரியம்மா தயங்கித் தயங்கி, சாமியைக் கும்பிட்டுக்கொண்டே பின்சீட்டில் ஏறினாள்.

இன்ஜின் முனகியது. முதலில் காரின் பின்பக்கம் எழுந்தது. பிறகு மூக்கு எழுந்தது. உள்ளே உட்கார்ந்திருந்த பெரியம்மாவையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு கார் எல்லோர் கண் முன்னாலும் சாவகாசமாக நிமிர்ந்தது. தெருவில் ஓ என்று சத்தம்.

"பாத்தீங்களா! பாத்தீங்களா! நான் சொன்னேன் இல்ல!" அப்பா நடுத்தெருவில் நின்று கை தட்டினார். குதித்தார் என்றே சொல்ல வேண்டும். அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை.

இனி இறங்குவார்கள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். சகுனம்தான் பொய்யாகிவிட்டதே, இனி எதற்குப் போக வேண்டும்? பெரியம்மா முன்னால் குனிந்து அவன் தோளைத் தொட்டு ஏதோ கேட்டாள். அவன் திரும்பாமல் வேண்டாம் என்று தலையை ஆட்டினான். அந்த அம்மாள் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள். பெற்ற தாய் பார்க்கிற மாதிரிப் பார்த்தாள். அதுவரைக்கும் தாங்கிக்கொண்டிருந்தேன், அந்தப் பார்வையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கார் தெருமுனையில் திரும்பிப் போய்விட்டது.

ஜனங்களுக்குப் புரிய அதிக நேரம் ஆகவில்லை. கார் போன திசையில் இருந்து ஒவ்வொரு தலையாக வாசல் பக்கம் திரும்பியது. பட்டுப் புடவையில், தலை நிறையப் பூவோடு, உயரமாக நின்றேன். உள்ளே ஓடியிருக்கலாம். ஓடவில்லை. சொல்தா தலையைக் குனிந்துகொண்டார். தையற்காரர் தன் வீட்டுப் பக்கம் நடந்தார்.

கடைசியாகப் புரிந்தது அப்பாவுக்குத்தான். தட்டின கை அப்படியே நின்றுவிட்டது. என்னைப் பார்த்தார். பிறகு தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னார். "என்னாலதான் கெட்டுச்சு. அவன் வண்டியப் போயி தவளன்னு சொல்லிட்டேன். எந்தப் பையனுக்குத்தான் கோவம் வராது? அதான் போயிட்டான். உன்னப் பத்தி ஒண்ணுமில்லம்மா, எல்லாம் என் வாயி." சொல்லிவிட்டுத் தன் வாயிலேயே பட்டென்று அடித்துக்கொண்டார். குமாஸ்தா உத்தியோகம் பார்க்கிற மனுஷர், ஐம்பது பேர் நடுவில்.

அவன் சிரித்ததை எல்லோரும்தான் பார்த்திருந்தார்கள். இருந்தாலும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.

"ஆமாம்ப்பா, நீங்க பேசியிருக்கக் கூடாது" என்று நானும் சத்தமாகவே சொன்னேன்.