அக்காவின் படுதாவும் லாரி வைப்பர் மோட்டாரும்

என் வேலையைப் பற்றி எனக்கு அடக்கமெல்லாம் கிடையாது. நாமக்கல்லில் லாரிகளின் எலக்ட்ரானிக் போர்டுகளைப் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். அதனால், போன சித்திரையில் அக்கா அழுதுகொண்டே போன் செய்தபோது, "விடுங்கக்கா, நான் பாத்துக்கறேன்" என்று யோசிக்காமல் சொல்லிவிட்டேன்.

அக்காவுக்குப் பரமத்தி பக்கம் பிராய்லர் கோழிப்பண்ணை. இரு பக்கமும் படுதாவை மேலே இழுத்துக் கட்டி மூடிய நீளக் கொட்டகை. ஒரு கோடியில் பெரிய ஃபேன்கள் ஓடி வெக்கையை வெளியே இழுக்கும். வெயிலில் அவை நின்றால், கோழிகள் கொஞ்ச நேரத்தில் மூச்சடைத்துச் செத்துவிடும். அன்று அதுதான் நடந்தது. கரண்ட் போனது, ஜெனரேட்டர் கிளம்பவில்லை, படுதாவைக் கீழே இறக்கிக் காற்றுக்குத் திறந்துவிடவேண்டிய சின்ன மோட்டாரின் பேட்டரி வெக்கையில் எப்போதோ செத்திருந்தது. அக்கா ஓடிப்போய்க் கையால் அவிழ்ப்பதற்குள் பாதிக்கு மேல் போய்விட்டது.

"இன்னொருக்கா இப்பிடி ஆச்சுன்னா கொட்டகையவே பிரிச்சுப் போட்டுருவேன் அம்மிணி. என்னால பாக்க முடியாது" என்றாள். அதன்பிறகு மதியச் சோற்றை அவள் உட்கார்ந்து சாப்பிட்டதே இல்லை. தட்டைக் கையில் ஏந்தி, ஃபேன் சத்தத்தைக் கேட்டபடி கொட்டகை வாசலில் நின்றேதான் சாப்பிடுவாள்.

மறுபடி பேட்டரி வைக்க மனமில்லை. படுதாவைப் பிடித்திருக்கும் கொண்டியை இழுக்க மோட்டார் சில நொடி ஓடினால் போதும். பிறகு படுதா தன் கனத்திலேயே இறங்கிவிடும். அதற்குச் சூப்பர் கெப்பாசிட்டர்தான் சரி. ஃபேனில் இருக்கும் கண்டன்சருக்கு அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். சீக்கிரம் சார்ஜ் ஏறும், கேட்டவுடன் மொத்தத்தையும் கொட்டும், வருஷக்கணக்கில் உழைக்கும். அப்படி ஆறு கெப்பாசிட்டரை வரிசையாகக் கோத்து, வோல்டேஜ் எல்லாவற்றிலும் சமமாக நிற்க ஒரு போர்டு போட்டு, பழைய லாரி வைப்பர் மோட்டாரோடு இணைத்தேன். சார்ஜருக்கு ஒரு பிளக். பிளக்கில் கரண்ட் நின்றால் மோட்டார் ஓடும். சோதித்தபோது படுதா சரசரவென்று இறங்கியது. மார்தட்டிக்கொண்டு ஊர் திரும்பினேன்.

மறுநாள் சாயங்காலமே போன்.

"ஏனம்மிணி, கரண்டு இருக்கறப்பவே உன்ற மோட்டாரு படுதாவ எறக்கிப்போடுச்சு! குஞ்செல்லாம் சாரல்ல நனைஞ்சு நடுங்குது!"

"வாய்ப்பே இல்லீங்க்கா. பிளக்கத் தொட்டீங்களா?"

"இடி இடிச்சுதில்ல? டிவி, பிரிட்ஜு எல்லாத்தையும் புடுங்குனேன். அதையும் புடுங்குனேன். புடுங்காம இருப்பாங்களா?"

எனக்குச் சுள்ளென்று ஏறியது. ஆனால் இடி கேட்டதும் பிளக்கைப் பிடுங்காத வீடு எங்கள் பக்கம் கிடையாது. கடையில் நானே பிடுங்குவேன். பிடுங்காதே என்று அக்காவிடம் சொல்வதைவிடக் காவிரியைத் திருப்பிவிடுவது சுலபம். அதனால் சர்க்யூட்டை மாற்றினேன். கரண்ட் போனதா என்று பார்க்கும் ஒயரை ஃபேன் லைனிலேயே கொடுத்தேன். பிளக் இனிச் சார்ஜ் ஏற்ற மட்டும். அதைப் பிடுங்கினாலும் ஏறிய சார்ஜ் மழை ஓயும்வரை தாராளமாக நிற்கும்.

"இனி இடிக்குத் தாராளமாப் புடுங்குங்க" என்றேன்.

"பாக்கலாம். நான் நின்னுக்கிட்டே தின்னுக்கறேன்" என்றாள் அக்கா.

இந்தச் சித்திரையில் ஒருநாள் மதியம் பண்ணையை ஒட்டிய அக்கா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். மேற்கே இடி உருண்டது. வாசலில் நின்றிருந்த அக்கா கொட்டகைப் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, தட்டோடு வீட்டுக்குள் வந்து டிவி பிளக்கைப் பிடுங்கினாள். பிரிட்ஜ் பக்கம் திரும்பும்போது ஃபேன் சத்தம் நின்றது. ஜெனரேட்டர் இருமிவிட்டு அடங்கியது. தட்டை விடாமலே அவள் ஓடினாள். எவ்வளவு நம்பிக்கை இருந்தாலும் நானும் பின்னாலேயே ஓடினேன்.

அவள் பாதி வழி போவதற்குள் கொண்டி விட்டது. படுதா நீளத்துக்கும் இறங்க, மழைக்காற்று உள்ளே புகுந்தது. இரைத்துக்கொண்டிருந்த கோழிகள் ஒவ்வொன்றாகத் தீவனத்துக்கு நடந்தன.

அக்கா கோழிகளைப் பார்த்தாள். பிறகு ஒரு தீவன மூட்டையைக் காலால் நகர்த்தி, அதன்மேல் உட்கார்ந்து, தட்டை மடியில் வைத்துக்கொண்டாள்.

"ரசம் இன்னுங் கொஞ்சம் கொண்டா, சாமி" என்றாள்.