ஒரே மரத்தை நம்பி ஒட்டுக்கன்று விற்றவன்

மாங்கன்று வியாபாரத்தில் இன்று விற்றதற்கான ஏச்சு நாலைந்து வருடம் கழித்துத்தான் வந்து சேரும், ஆனால் தவறாமல் வந்து சேரும். பலன் தாமதமாகத் தெரிகிற சரக்கை விற்கும் இன்ஷூரன்ஸ் ஏஜென்டுகளே, கல்யாணத் தரகர்களே, என் வேதனை உங்களுக்குத்தான் புரியும்.

திருத்தணியில் திருப்பதி சாலையோரம் வாடகை இடத்தில் சின்ன நர்சரி வைத்திருக்கிறேன். என் பிழைப்பு முழுக்க ஒரு மரத்தில் தொங்கியது. பெயரில்லாத மாமரம். நார் கிடையாது, கொட்டைவரை இனிப்பு, மற்ற மாம்பழமெல்லாம் ஓய்ந்தபிறகு ஆடியில்தான் பழுக்கும். அதுவும் என்னைப் ‘பாவா’ என்று கூப்பிடும் என் மைத்துனன் முனிரத்தினத்தின் நிலத்தில் நின்றது. அதன் குச்சியை வெட்டிவந்து ஒட்டுக்கட்டி விற்பேன். வாங்கிப்போனவர்கள் கையில் கன்று பிழைத்ததாக ஒருவரும் வந்து சொன்னதில்லை. தாய்மரம் போனால் அந்த ருசியே உலகத்தில் இருக்காது என்று எனக்கு எப்போதும் பயம்.

கைபடாத கன்று

மலையில் தரிசனம் முடித்து இறங்கிய சென்னைத் தம்பதி. ஒட்டு என்றாலே ஊசி போட்டு வளர்த்தது என்று போனில் யாரோ சொல்லிவிட்டார்களாம். மனிதன் கைபடாத மாங்கன்றுதான் வேண்டுமாம்.

கைபடாத மாங்காய் எப்படி இருக்கும் என்று ஆரம்பித்தேன். எலுமிச்சை அளவு, முக்கால்வாசி கொட்டை, மிச்சம் நார், கடித்தால் கண் சுருங்கும். காட்டில் அதில் கொஞ்சம் இனித்ததை யாரோ தின்று, கொட்டையை வீட்டருகே போட்டார்கள். முளைத்ததில் நல்லதை வைத்துக்கொண்டு மற்றதை விறகாக்கினார்கள். தலைமுறை தலைமுறையாக இதே வேலை. கொட்டை போட்டால் தாய்மரம் மாதிரியே வராது என்று பட்டுத் தெரிந்தபிறகு கிளையை ஒட்டக் கற்றார்கள். நீங்கள் தின்னும் பங்கனப்பள்ளியெல்லாம் ஏதோ ஒரு முதல் மரத்தின் கிளைதான் என்று தொண்டை வற்றச் சொன்னேன். அந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

“அப்ப அந்தக் காட்டு மரத்துலயே ஒரு கன்னு குடுங்க சார், ஆனா பழம் மட்டும் பங்கனப்பள்ளி மாதிரி இருக்கணும்.”

சோம்பேறிக் கன்று

மணவூர்க்காரர் ஒருவர் என் மரத்தின் ஒட்டுக்கன்று வாங்கிப்போனார். ஒட்டுக்குக் கீழே துளிர் வந்தால் கிள்ளிவிடுங்கள், கீழே இருப்பது ஏதோ ஒரு கொட்டையில் முளைத்த செடி, அது என்ன காய்க்கும் என்று யாருக்கும் தெரியாது என்று படித்துப் படித்துச் சொன்னேன். பல வருடம் கழித்து மஞ்சள் பை நிறைய கோலிகுண்டு மாதிரிக் காய்களோடு வந்து நின்றார். ஒன்றைக் கடித்தேன். பல் கூசி, நார் தொண்டைவரை போய்விட்டது. நான் கட்டிய ஒட்டு எங்கே ஐயா என்று கத்தினேன்.

“அது சோம்பேறிக் கன்னுங்க, வளரவே இல்ல. கீழ ஒண்ணு தளதளன்னு வந்துகினு இருந்துச்சு, மேல இருந்தத வெட்டிப் போட்டுட்டு அதையே வளத்தேன், நல்லதுக்குத்தானே செஞ்சேன்?”

வண்டி நிறுத்த இடம்

போன வருடம் ஆடிக் கிருத்திகை நெருங்கியது. காவடிக் கூட்டம் வண்டி நிறுத்த இடம் வேண்டும் என்று முனிரத்தினம் அந்த மரத்தை அறுத்துச் சாய்த்துவிட்டான். வண்டி நிறுத்த நிழல் தேடி ஊரே அலைகிறது, இவன் நிழலை வெட்டி இடம் செய்கிறான்! நான் ஓடிப்போனபோது மரத்தூளுக்கு நடுவே மடி நிறைய மாங்கொட்டையோடு நின்றான். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கீழே கிடந்த மரத்தைத் தொட்டுக்கொண்டு அழுதேன்.

“எதுக்கு பாவா கண்ணு கலங்குறீங்க? இத்தினி கொட்ட வச்சிகினு இருக்கேன், ஒரு மரம் போனா ஒரு தோப்பே வரும்.”

வெறும் கட்டை

நர்சரியில் அந்த மரத்தின் கன்று ஒன்றுகூட விற்காமல் மிச்சமில்லை. வாடாத குச்சிகளை ஈரச்சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து, நானும் மனைவியும் கை ஓயும்வரை ஒட்டுக்கட்டினோம். மரத்தில் இருக்கும்போதே இலை கிள்ளி மொட்டுத் திரளவிட்டுத் தயார்செய்யாத குச்சிகள், தினமும் கருகிக்கொண்டே வந்தன. எதுவும் மிஞ்சாது என்றுதான் நினைத்தேன். புரட்டாசி மழையில் ஒரு மூலையில் சில கன்றுகள் மட்டும் செம்பு நிறத்தில் தளிர் விட்டன. அன்றைக்கு நான் யார்மேலும் எரிந்து விழவில்லை.

தீபாவளிக்கு வந்த முனிரத்தினத்தை அந்த மூலைக்கு இழுத்துப்போனேன். உன் கொட்டைகள் என்ன காய்க்குமோ தெரியாது, இது அதே மரம், இம்மியும் மாறாது என்றேன். தளிரைத் தொட்டுப் பார்த்தான். முகத்தில் அப்படியொரு நிம்மதி.

“இதுதான் அந்த மரம்னா நான் வெட்டினது வெறும் கட்டதானே பாவா, இதுக்கா என்கூட இத்தினி நாள் பேசாம இருந்தீங்க?”

காட்டு மாங்காயையே இனிக்கவைத்த மனிதகுலத்தால் என் மைத்துனனை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை, அதைவிடக் கொடுமை, அவன் சொன்னது சரி.