எல்லா நாய்களும் மேசைகள்

அண்ணி அந்த கைடை மூடி அடுப்பு மேடையில் தொப்பென்று போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. "எல்லா நாயும் மேசையாம், எல்லா மேசையும் கொடையாம். அப்போ எல்லா நாயும் கொடையான்னு கேக்கறான். எழுதனவன் ஒரு தபாவாவது நாயப் பாத்துகிறானாடி?" என்றார். வங்கித் தேர்வில் அந்தப் பகுதிக்கு சிலாஜிசம் என்று பெயர். இரண்டு வாக்கியங்களைக் கொடுப்பார்கள். அவை உண்மை என்றே வைத்துக்கொண்டு, கீழே இருக்கும் முடிவு சரியா தவறா என்று சொல்ல வேண்டும். கேள்வி இங்கிலீஷில் இருக்கும், நாங்கள் தமிழில் சொல்லிச் சிரித்துக்கொள்வோம். இன்று என் மகள் அதே கேள்விகளைச் செல்போனில் விரலால் தட்டித் தள்ளிக்கொண்டே போகிறாள். நாய் மேசையானதைப் பற்றி அவளுக்கு ஒரு வருத்தமும் இல்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. அண்ணன் ஆவடி பாக்டரியில் வேலை பார்த்தான். குவார்ட்டர்ஸ் வீட்டில் அவன், அண்ணி, பள்ளிக்குப் போகத் தொடங்கியிருந்த அவர்கள் பெண், அப்புறம் கல்லூரி முடித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்த நான். அண்ணிக்குப் பிறந்த ஊர் பூந்தமல்லி. பட்டம் வாங்கிய கையோடு கல்யாணம் பண்ணி அனுப்பிவிட்டார்கள். நானும் அண்ணியும் சேர்ந்தே வங்கி வேலைக்கு விண்ணப்பம் போட்டோம். எனக்கு இது போனால் இன்னொன்று வரும். அண்ணிக்கு அப்படியில்லை, அடுத்த அறிவிப்பு வருவதற்குள் வயது தாண்டிவிடும். "உனக்கு பஸ் வந்துகினே இருக்கும். எனக்கு இதான் கடைசி வண்டி. தொங்கிகினாவது ஏறிடணும்" என்பார். சொல்லும்போது சிரிப்பார், ஆனால் கண் சிரிக்காது.

கணக்கில் அவர் புலி. நான் பென்சிலைச் சீவுவதற்குள் விடை சொல்லிவிடுவார். இந்த நாய், மேசை விவகாரத்தில்தான் மொத்தமும் கோட்டை விட்டார். தப்பான விடைக்கு இருக்கிற மார்க்கையும் வெட்டுவார்கள். அந்தப் பகுதியைத் தொடாமல் விட்டுவிடேன் என்று அண்ணன் சொன்னதற்கு, "வுட்டா எப்டி பாஸாவறது? எதுத்த ஊட்டுக்காரி பதில் எழுதுவாளா?" என்று கேட்டார். அவருடைய சிக்கல் என்னவென்று எனக்குத் தெரியும். பொய்க்குத் தலையாட்ட அவருக்கு வராது. பக்கத்து வீட்டில் பாயசம் கொடுத்தால்கூட, சர்க்கரை பத்தலக்கா என்று கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கும்போதே சொல்லிவிடுகிற மனுஷி. அவரிடம் போய் நாயை மேசை என்று ஒத்துக்கொள்ளச் சொன்னால் எப்படி? நான் வட்டம் போட்டுக் காட்டினேன், கோடு போட்டுக் காட்டினேன், கடைசியில் கத்தியும் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

நடந்தது ரேஷன் கடை வாசலில். கிருஷ்ணாயில் ஊற்றுகிற நாளில் எங்கள் குவார்ட்டர்ஸில் ஒரு வழக்கம் இருந்தது. விடிந்ததும் ஆளாளுக்கு ஒரு செங்கல்லோ உடைந்த வாளியோ கொண்டுபோய் வரிசையில் வைத்துவிட்டு, சமையலைப் பார்க்க வீட்டுக்கு வந்துவிடுவோம். டின்னை வைத்தால் யாராவது தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள், கல்லை யார் தூக்கப் போகிறார்கள்? எந்தக் கல் யாருடையது என்பது எல்லோருக்கும் அத்துப்படி. அன்றைக்கு அம்பத்தூரிலிருந்து புதிதாகக் குடிவந்த ஒருவர், எங்களுக்கு முன்னால் இருந்த செங்கல்லைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டுத் தன் கேனை வைத்தார். அண்ணிக்கு வந்ததே கோபம்!

"யோவ் அண்ணாத்தே, இன்னா பண்ற? டீச்சரம்மாவ ஏன் தள்ற?"

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். "எந்த டீச்சரம்மா? இது செங்கல்லும்மா."

"கியூவுக்கு வெளியதான்யா அது செங்கல்லு. உள்ள வந்துட்டா டீச்சரம்மா. அவங்களுக்கு அப்பால நானு, எனக்கு அப்பாலதான் நீ. கேன எடு."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வரிசையில் நின்றபடியே, "அண்ணி, செங்கல் டீச்சரம்மான்னா நாயும் மேசைதான்" என்றேன். அவர் என்னை முறைத்தார். பிறகு அந்தச் செங்கல்லைப் பார்த்தார். எண்ணெய் வாங்கித் திரும்பினோம். வீட்டுப் படியில் டின்னை இறக்கிவைத்துவிட்டு, "கேள்விக்குள்ள வந்தா அது மேசை, வெளிய போனா நாய். அவன் வெச்ச வரிசைய நாம கலைக்கக் கூடாது. அட கஸ்மாலம், இவ்ளோதானா!" என்றார்.

அதற்குப் பிறகு அண்ணியைப் பிடிக்க முடியவில்லை. குக்கர் விசில் அடிப்பதற்குள் ஒரு பக்கம், துணி ஊறுவதற்குள் ஒரு பக்கம் என்று போட்டுத் தள்ளினார். சில பூனைகள் பேனாக்களா, ஆகட்டும். எந்தப் பேனாவும் மரம் இல்லையா, அதுவும் ஆகட்டும். விளங்காத இடத்தில் மட்டும் "செங்கல்லு, செங்கல்லு" என்று தனக்குத்தானே முணுமுணுப்பார். எழுத்துத் தேர்வில் தேறினார். அவருக்கு சிலாஜிசம் விளக்கப் போன மேதாவியாகிய நான் கணக்கில் மண்ணைக் கவ்வினேன்.

பிறகு நேர்முகத் தேர்வு. நடுவில் உட்கார்ந்திருந்த அதிகாரி, "கல்யாணமான பெண்கள் வெளியூர் போட்டால் போக மாட்டார்கள். நீங்கள் கல்யாணமானவர். அப்புறம் உங்களுக்கு எதற்கம்மா இந்த இடம்?" என்று கேட்டாராம். கேள்வியின் அமைப்பு அச்சு அசலாக கைடில் இருப்பதுதான். "எனக்குக் கை தானா டிக் போடப் போச்சுடி. அப்பறம்தான், இது இன்னா பரீட்சைப் பேப்பரா, அவரு சொல்றதயெல்லாம் நெசம்னு வெச்சிக்கறதுக்குன்னு தோணுச்சு" என்றார் அண்ணி. அதிகாரியிடம் அவர் சொன்னது இதுதான்: "சார், உங்க முதல் வாக்கியத்தையே நான் ஒத்துக்கல. சில பேர் போகாம இருந்திருக்கலாம். நான் போவேனா மாட்டேனான்னு அவங்கள வெச்சி சொல்ல முடியாது. என்னத்தான் கேக்கணும். நான் போவேன்."

அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டான். "வேலை கொடுக்கிறவன்கிட்டயே சண்டை போட்டுட்டு வந்திருக்கியே!"

"சண்ட இல்லீங்க. தப்பா கேட்டாரு, திருத்தனேன்."

வேலை போய்விட்டது என்றே நாங்கள் முடிவு கட்டிவிட்டோம். அண்ணியும் பேச்சைக் குறைத்துக்கொண்டார். தபால்காரர் தெருவில் வந்தால் மட்டும், கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வாசலுக்குப் போவார். அந்த நாட்களில் அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது. கடைசியில் உத்தரவு வந்தபோது அவரைக் கட்டிக்கொண்டு அழுதவள் நான்தான், அவர் அழவில்லை. வேலை போட்டிருந்த இடம் தர்மபுரியையும் தாண்டி, நாங்கள் யாரும் பெயர்கூடக் கேள்விப்படாத ஒரு சின்ன ஊர். அண்ணன் அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் படித்தான். பிறகு மெதுவாக, "இவ்வளவு தூரம் போட்டிருக்காங்களே. போவியா?" என்றான்.

"போவேன்னு சொல்லிட்டு வந்துகிறேன் இல்ல? பரண்மேல கீற பெட்டிய எறக்குங்க. பாப்பா என்கூட வரட்டும், நாளைக்கே ஸ்கூல்ல டி.சி.க்கு எழுதிக் குடுத்துடுங்க."

அண்ணன் அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினான்.