பதினெட்டே மாதமாம்

அவருக்குப் பெற்றோர் ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. அடையாள அட்டையைத் தவிர வேறெங்கும் அது புழங்குவதில்லை. ஊருக்கு அவர் மைக்கு. இளையவர்களுக்கு மைக்கண்ணன். கோபமாக இருக்கும் நாட்களில் மனைவி மட்டும், "ஸ்பீக்கரை அணைச்சுட்டுச் சாப்பிட வாங்க" என்பாள்.

தொழில், மோட்டாருக்குக் காயில் கட்டுவது. எரிந்துபோன மின்விசிறியும் தண்ணீர் மோட்டாரும் கடைக்கு வரும். வயிற்றைத் திறந்து, கருகிய செம்புக்கம்பியை அறுத்தெடுத்து, புதுக்கம்பியைச் சுற்றிக் கட்டி, வார்னிஷ் ஊற்றிக் காயவைப்பார். யாரும் கற்றுக்கொடுத்ததில்லை. பதினாறு வயதில் வீட்டு விசிறியைப் பிரித்து, ஒவ்வொரு சுற்றாக அவிழ்த்து எண்ணி, நோட்டில் எழுதிவைத்துக்கொண்டு திரும்பச் சுற்றிப் பார்த்தார். மூன்று விசிறிகள் புகைந்தன. நான்காவது ஓடியது. "கம்பிகிட்ட ஏமாத்து வேலை நடக்காது. குறைச்சுச் சுத்தினா எரிஞ்சு காட்டிக் கொடுத்துடும்" என்பார். சுற்று எண்ணும்போது யார் கூப்பிட்டாலும் பதில் வராது.

கால்பந்துக்கும் அவருக்கும் உறவு உண்டானது ஒரு பழுதினால்தான். இருபத்துமூன்று வயதில் ஒருநாள், ஆட்டம் தொடங்க ஒரு மணி நேரம் இருக்கையில், ஊர்க் கிளப் மைதானத்தின் ஒலிபெருக்கி ஊமையாகிவிட்டது. ஆள் வந்து இவரைக் கூட்டிப்போனான். சரிசெய்தார். சரியாயிற்றா என்று பார்க்க, மேசையில் கிடந்த ஆட்டக்காரர் பட்டியலை எடுத்து வாசித்தார். அதன்பின் இருபத்தொன்பது வருடம் யாரும் மைக்கைத் திருப்பிக் கேட்கவில்லை.

பழைய மைதானத்தில் அவர் இடம், மேற்குப் பார்வையாளர் மாடத்தின் உச்சியில் ஒரு தகரக் கூண்டு. இரும்பு ஏணியில் ஏற வேண்டும். அங்கிருந்து ஒரு வாக்கியம் சொன்னால், அது எதிர்ச்சுவரில் பட்டு ஒரு நொடி கழித்துத் திரும்பி வரும். அவசரப்பட்டால் இரண்டும் மோதிக் குழம்பிவிடும். அதனால் ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பின்னும் நிறுத்துவார். தன் சொல் தனக்கே கேட்டபிறகுதான் அடுத்தது. வாசித்த அறிவிப்புச் சீட்டுகளைத் தூக்கிப் போடுவதில்லை. கடையில் ஒரு கம்பியில் குத்தி வைப்பார். காணாமல்போன குழந்தை, வழியை மறித்து நிற்கும் வண்டி, மழையால் தள்ளிவைத்த ஆட்டம் என்று எல்லாம் அதில் இருக்கும்.

அந்தக் கம்பியில்தான் இருந்தது, மூன்று வருடத்துக்கு முன், பழைய மைதானத்தின் கடைசி ஆட்டத்தன்று கிளப் செயலாளர் கொடுத்த சீட்டு. "இந்த மைதானத்தை இடித்துப் புதிதாகக் கட்டுகிறோம். பதினெட்டே மாதத்தில் வீடு திரும்புவோம். ஆண்டு அட்டை வைத்திருப்போரின் இருக்கை அவரவருக்கே." நிறுத்தி நிறுத்தி, அழகாக வாசித்தார். எதிர்ச்சுவரும் ஆமோதித்தது. ஜனங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கைதட்டினார்கள்.

இப்போது முப்பத்தேழு மாதம் ஆகிறது. மைதானம் இருந்த இடத்தில் நாற்பது தூண்கள் துருப்பிடித்த கம்பிகளைத் தலைமயிர்போல் நீட்டிக்கொண்டு நிற்கின்றன. சுற்றிலும் தகரவேலி. வேலியில் புது அரங்கத்தின் படம். கட்டடம் எழும்புவதற்குள் படம் வெளுத்துவிட்டது.

கிளப் ஆடுவது இரண்டு பஸ் மாறிப் போகவேண்டிய இன்னொரு கிளப்பின் மைதானத்தில். சொந்த மைதான ஆட்டம் என்றுதான் பெயர். நம் பையன்கள் உடை மாற்றுவதோ விருந்தாளி அணியின் அறையில். சுவரிலுள்ள வீட்டுக்கார கிளப்பின் முத்திரையைத் துணி போட்டு மறைத்திருப்பார்கள். காற்றடித்தால் துணி தூக்கி, 'நீ யாரப்பா?' என்று கேட்கும். மைக்குக்குக் கழிப்பறைக் கதவை ஒட்டி ஒரு மேசை. கோல் அடித்தவன் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் உள்ளே யாராவது தண்ணீரைத் திறந்துவிடுவார்கள். எதிரே சுவரும் இல்லை, வெட்டவெளி. சொன்னது திரும்பி வராது. ஆனாலும் பழக்கதோஷம், ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பின்னும் நிறுத்திக் காத்திருப்பார். "மைக்கண்ணன் யாரையோ எதிர்பார்க்கிறார்" என்று பையன்கள் சிரிப்பார்கள்.

இதற்கு நடுவில் கிளப்பை யாரோ வாங்கப்போவதாகப் பேச்சு கிளம்பியது. கப்பல்காரராம். இல்லை, சிமெண்ட்காரராம். புது அரங்கில் பாதி, பணக்காரர்கள் உட்காரக் கண்ணாடி அறைகளாம். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

ஒருநாள் காலை, மூலைக்கொடி ஒரு விசிறியைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தான். லாரி மெக்கானிக். முப்பது வருடமாக மைதானத்து மூலைக்கொடிக்கு நேரே ஒரே இருக்கையில் உட்கார்ந்தவன், அதனால் அந்தப் பெயர்.

"என்ன மைக்கு, பதினெட்டு மாசம் ஆயிடுச்சா?"

"எண்ணிட்டிருக்கேன். பேசாதே."

"எண்ணு எண்ணு. உன் பதினெட்டு முப்பத்தேழுல வந்து நிக்குது."

இருநூற்றுப் பன்னிரண்டாவது சுற்றில் எண்ணிக்கை தவறியது. மைக்கு பல்லைக் கடித்துக்கொண்டு மொத்தத்தையும் அவிழ்த்தார்.

"சொன்னது நானாடா? அவங்க எழுதிக் கொடுத்தாங்க, நான் வாசிச்சேன்."

"எழுதினவன் மூஞ்சியை நான் பார்த்தேனா? எனக்குக் கேட்டது உன் குரல். 'இருக்கை அவரவருக்கே'ன்னு நீதான் சொன்னே. அதை நம்பித்தான் எழுந்து வெளியே வந்தேன். இல்லேன்னா இடிக்கிற வண்டிக்கு முன்னாடி படுத்திருப்பேன்."

"நீ படுத்தா வண்டிதான் ரிப்பேர் ஆகும்."

"ஆனா நானே சரி பண்ணியிருப்பேன்" என்று சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது. "புது வரைபடத்துல என் மூலையே இல்லை மைக்கு. கண்ணாடி அறை போட்டிருக்கான். நம்மளை எங்கே உட்கார வைப்பானாம்? உன்கிட்ட ஏதாவது சீட்டு வந்துச்சா?"

மைக்கு அவன் கொண்டுவந்த விசிறியை வாங்கி ஓரமாக வைத்தார். அவன் போனபின் கம்பியிலிருந்து அந்தப் பழைய சீட்டை உருவி வீட்டுக்கு எடுத்துப்போனார். மனைவி ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் ஜன்னலில் வேலை பார்ப்பவள். சீட்டை வாங்கி முன்னும் பின்னும் திருப்பினாள்.

"இதுல கையெழுத்தே இல்லையே?"

"அறிவிப்புக்கு யாரு கையெழுத்துப் போடுவா?"

"டாக்டர் கையெழுத்து இல்லாத சீட்டுக்கு நாங்க ஒரு மாத்திரை தரமாட்டோம். நீங்க மூவாயிரம் பேருக்குக் கொடுத்திருக்கீங்க. எவனோ எழுதின மருந்தை உங்க கையால."

மூன்று வருடமாகத் தெருவில், பஸ்ஸில், முடிவெட்டும் கடையில் பட்ட கேலிக்கெல்லாம் அதுவரை வெட்கம்தான் பட்டிருந்தார். அன்று முதல் தடவையாக அவருக்குக் கோபம் வந்தது. செங்கல்லும் சிமெண்டும் அவர்களுடையது, கெட்டது மட்டும் என் வாக்கா?

அடுத்த ஆட்டத்துக்கு, வாங்கப்போவதாகப் பேசப்பட்ட பெரியமனிதரே வந்துவிட்டார். வெளிநாட்டுக்காரர். நடு மாடத்தில் மெத்தை நாற்காலி போட்டிருந்தார்கள். செயலாளர் வியர்க்க வியர்க்கக் கழிப்பறைப் பக்கம் ஓடி வந்து ஒரு சீட்டை நீட்டினார்.

"புதிய அரங்கம் இந்த ஆண்டு இறுதிக்குள் திறக்கப்படும். பழைய உறுப்பினர்களின் இருக்கைகளுக்குப் பாதிப்பு இல்லை. இன்றைய சிறப்பு விருந்தினரை அனைவரும் எழுந்து நின்று கைதட்டி வரவேற்க வேண்டும்."

மைக்கு படித்தார். சட்டைப்பையிலிருந்த பேனாவை எடுத்து நீட்டினார்.

"கீழே ஒரு கையெழுத்துப் போடுங்க சார்."

"எதுக்குங்க? வெறும் அறிவிப்புதானே?"

"அதனாலதான் கேக்கிறேன்."

"பேச்சுவார்த்தை நடக்குது. இந்த நேரத்துல நான் எதுலயும் கையெழுத்துப் போடக்கூடாது. நாளைக்கு யாராவது என்னைக் கேட்டா?"

"என்னைக் கேட்டா?"

செயலாளர் சிரித்தார். "உங்களை யாருங்க கேக்கப்போறாங்க?"

மைக்கு பேனாவை மூடினார்.

"சீக்கிரம். ஒரு எழுத்துகூட விடாம வாசிங்க" என்று சொல்லிவிட்டு, செயலாளர் மெத்தை நாற்காலியை நோக்கி ஓடினார்.

"ஒரு எழுத்தும் விடமாட்டேன்" என்றார் மைக்கு. சுவிட்சைப் போட்டார்.

"செயலாளர் கொடுத்த சீட்டு. புதிய அரங்கம் இந்த ஆண்டு இறுதிக்குள் திறக்கப்படுமாம்."

வழக்கம்போல் நிறுத்தினார். வெட்டவெளி. எதுவும் திரும்பி வரவில்லை. ஒரு நொடி போயிற்று. பிறகு மூலையிலிருந்து ஒரே ஒரு தொண்டை, லாரி ஹார்ன் மாதிரி, "ஆமாம்!" என்றது.

"பழைய உறுப்பினர்களின் இருக்கைகளுக்குப் பாதிப்பு இல்லையாம்."

நிறுத்தினார். இந்தத் தடவை ஒரு மாடமே, "ஆ...மாம்!" என்றது. பக்கத்துக் கழிப்பறையிலிருந்தும் ஒருவர் சேர்ந்துகொண்டார்.

"இன்றைய சிறப்பு விருந்தினரை அனைவரும் எழுந்து நின்று கைதட்டி வரவேற்க வேண்டுமாம்."

மைதானம் முழுக்க "ஆமாம்!" என்று அதிர்ந்தது. ஒருவர்கூட எழவில்லை. மூவாயிரம் பேர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பாவம், மொழி தெரியாத விருந்தினர், இத்தனை பேர் ஒரே குரலில் சொல்வது நல்ல வார்த்தையாகத்தான் இருக்கும் என்று நினைத்து, தாமே எழுந்து கையசைத்தார். அதற்குள் யாரோ ஒயரைப் பிடுங்கிவிட்டார்கள்.

மூன்றாம் நாள் கிளப்பிலிருந்து கடிதம் வந்தது. அறிவிப்புப் பணியிலிருந்து தாங்கள் தற்காலிகமாக விடுவிக்கப்படுகிறீர்கள். கீழே தேதி, முத்திரை, வளைத்து வளைத்துப் போட்ட கையெழுத்து.

"தற்காலிகமாவா? அப்போ இந்த ஜென்மத்துல மைக்கு உங்க கைக்கு வராது" என்றாள் மனைவி.

மைக்கு சிரிக்கவில்லை. கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பேனா இருந்திருக்கிறது. கையும் இருந்திருக்கிறது. ஒருவனை வெளியே தள்ளக் கையெழுத்துப் போடத் தெரிந்தவர்களுக்கு, மூவாயிரம் பேருக்குக் கொடுத்த வாக்கின் கீழே போட மட்டும் தெரியவில்லை.

கடிதத்தைக் கம்பியில் குத்தினார். சட்டைப்பையிலிருந்த பழைய சீட்டோடு, சிவப்பு வார்னிஷ் டப்பாவையும் தூரிகையையும் எடுத்துக்கொண்டு கடையைப் பூட்டினார். நேரே பழைய மைதானத்துக்குப் போய், தகரவேலியில் வெளுத்துப்போன படத்தின் நட்டநடுவே, வார்னிஷ் தூரிகையால் கொட்டை எழுத்தில் அந்தப் பழைய சீட்டிலிருந்த மூன்று வாக்கியங்களையும் எழுதினார். இந்தத் தடவை எந்த வாக்கியத்தின் கடைசியிலும் 'ஆம்' சேர்க்கவில்லை. கீழே, "வாசித்தவன்" என்று எழுதி, அடையாள அட்டையில் இருந்த தன் முழுப்பெயரைக் கையெழுத்தாகப் போட்டார்.

சாயங்காலம் வேலிக்கு முன்னால் கூட்டம் கூடிவிட்டது. "யாருப்பா இந்த ஆளு? கேள்விப்பட்ட பேராவே இல்லையே" என்று தலையைச் சொறிந்தார்கள். மூலைக்கொடி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். படித்தான். பக்கத்தில் தூரிகையோடு நின்ற ஆளைப் பார்த்தான்.

"இதுதான் உன் பேரா?"

"ஆமாம்."

"நல்லாத்தான் இருக்கு. யாருக்கும் தெரியலையே" என்று தூரிகையைப் பிடுங்கி, கையெழுத்துக்குப் பக்கத்தில் 'மைக்கு' என்று எழுதினான். பிறகு அதற்குக் கீழே, முப்பது வருடமாகத் தான் உட்கார்ந்த இருக்கையின் எண்ணை எழுதினான். எழுதிவிட்டுப் பின்னால் நின்றவனிடம் தூரிகையை நீட்டினான்.

இருட்டுவதற்குள் வார்னிஷ் டப்பா காலியாகிவிட்டது. மைக்கு இன்னொன்று எடுத்துவரக் கடைக்குப் போனார்.