இடது இறக்கையின் கீழ் ஒரு தட்டு

டீ கிளாஸைக் கையில் கொடுத்தால் கொத்தனார் உடனே குடித்துவிடமாட்டார். மேசைமேல் வைத்து, கன்னம் பலகையில் படும்படி குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு டீயின் விளிம்பைப் பார்ப்பார். பிறகு சட்டைப் பையிலிருந்து பழைய பஸ் டிக்கெட் ஒன்றை எடுத்து, நாலாக மடித்து, மேசைக்காலுக்கு அடியில் செருகுவார். மறுபடி ஒருமுறை பார்ப்பார். "இப்பக் குடிக்கலாம்." அதற்குள் டீ ஆறிப்போயிருக்கும். "ஆறினா என்ன, நேரா ஆறியிருக்குல்ல?" என்பார்.

கொத்தனார் என்பது இப்போது வெறும் கூப்பிடு பெயர்தான். விமானம் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளியில் பெட்ரோல் நிரப்புகிறார். இருபது வருடம் சுவர் எழுப்பியவர், சாரத்திலிருந்து விழுந்து தோள்பட்டை இறங்கிய பிறகு இங்கே வந்தார். பெட்ரோல் லாரியின் சீட்டுக்கு அடியில் கரணையும் தூக்குக்குண்டும் இன்னும் கிடக்கின்றன, பக்கத்தில் மட்டம் பார்க்கும் டியூப் கொடிக்கயிறு மாதிரி சுருண்டு கிடக்கிறது. எடுத்து வீட்டில் வைக்கக் கூடாதா என்று கேட்டால், "வீட்ல வச்சா என் சம்சாரம் துணி காயப்போட்ருவா" என்பார்.

எங்களிடம் இருப்பவை மூன்று சின்ன விமானங்கள். இறக்கைகள் தலைக்கு மேலே இருக்கும். இறக்கைக்கு ஒன்றாக இரண்டு தொட்டிகள். காலியாக விட்டால் உள்ளே ஈரம் கோத்துத் தண்ணீர் சேருமாம், அதனால் மாலையிலேயே விளிம்புவரை நிரப்பிவிடுவார். ஏணியில் நின்று, கைக்குழந்தைக்குச் சங்கில் பால் புகட்டுகிறவரைப் போல ஊற்றுவார். "அவசரப்படாத தாயி, புரையேறிடும்." காலையில் மறுபடி ஏறி, அளவுக்கோலை விட்டு எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பார்.

ஓடுதளத்தின் பக்கத்தில் தளம் போடும் வேலை தொடங்கியதால், விமானங்களைக் கொட்டகைக்குப் பின்னால் இருக்கும் புல்தரைக்கு மாற்றினார்கள். டீ மேசையும் கூடவே போனது. அதே வாரம் புதுக் காவலாளி ஒருவர் வந்தார். கொத்தனாரின் மனைவிக்குத் தம்பி, இரண்டு பெண்களுக்கு அப்பா. சேர்த்துவிட்டதே கொத்தனார்தான். அந்த வாரத்திலிருந்துதான் காலையில் பெட்ரோல் குறையத் தொடங்கியது. ஒரு நாள் அரை வாளி, ஒரு நாள் முக்கால் வாளி.

மேனேஜர் நல்லவர்தான். ஆனால் எதையும் சீக்கிரம் முடித்துவிட நினைப்பவர். "ஏணி உங்ககிட்ட இருக்கு, சாவி உங்க மச்சினன்கிட்ட இருக்கு. நான் வேற யாரைக் கேக்கறது? இந்த வாரத்தோட அவர் நின்னுக்கட்டும். போலீஸு கீலீஸுன்னு நான் போகல, அதுவே உங்க முகத்துக்காக."

கொத்தனார் அன்று டீயை மட்டம் பார்க்காமலே குடித்தார். "வீட்ல என்ன சொன்னாங்க?" என்று யாரோ கேட்டார்கள். "தம்பிக்கு வேலை போனா, நீங்க லாரியிலயே குடித்தனம் பண்ணிக்கங்கன்னுட்டா."

மறுநாள் காலையில் அளவுக்கோலோடு இறங்கி வந்தவர், ஏணியின் கடைசிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "வலது தொட்டிதான் இறங்கியிருக்கு. இடது தளும்புது. நேத்தும் இப்படித்தான். திருடனுக்கு இடது கை வராதா?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். பிறகு துணியும் வாளியுமாக நின்ற என் பக்கம் திரும்பினார்.

"அக்கா, நீங்கதானே தினமும் தொடைக்கிறீங்க? றெக்கைக்கு அடியில எங்கயாச்சும் நீலமா கறை இருக்கா?"

இந்த விமானங்களுக்கு ஊற்றும் பெட்ரோல் வெளிர் நீலம். கறை இருந்தது. காற்று போக இறக்கைக்கு அடியில் ஒரு சின்னக் குழாய் உண்டு, அதைச் சுற்றித் தினமும் இருந்தது. யாரும் கேட்காததால் நானும் சொல்லவில்லை.

"எப்பவும் இடது பக்கம்தான்" என்றேன்.

சட்டை அழுக்காவதைப் பார்க்காமல் அப்படியே புல்லில் குப்புறப் படுத்துவிட்டார். கன்னம் தரையில், ஒரு கண் மூடியிருந்தது. எழுந்தபோது தன் தலையில் தானே ஓங்கி ஒரு குட்டு வைத்துக்கொண்டார். "ரெண்டு மாசமா மேசைக்கு முட்டுக் கொடுத்துட்டு இருந்தேனே, மடையன்! தரையே சாஞ்சு கிடக்கு!"

மதியம் எல்லாரையும் கூட்டினார். மட்டம் பார்க்கும் டியூபில் இரண்டு வாயும் தளும்பத் தண்ணீர் நிரப்பி, ஒரு நுனியை மேனேஜர் கையிலும் மறு நுனியை என் கையிலும் கொடுத்தார். "நீங்க இடது றெக்கை சார். அக்கா வலது றெக்கை. நடுவுல ஒரே குழாய். அக்கா, ஒரு சாண் தூக்குங்க."

தூக்கினேன். மேனேஜரின் நுனியிலிருந்து தண்ணீர் பொங்கி, கைக்கடிகாரத்தை நனைத்து, பளபளக்கும் ஷூவுக்குள் இறங்கியது.

"இப்ப யாரு சார் திருடினது? சாமான் உங்க கையிலதானே இருக்கு!"

மெக்கானிக் சிரித்த சிரிப்பில் கொட்டகைப் புறாக்கள் பறந்தன. கொத்தனார் மறுபடி நிரப்பி, டியூபின் நடுவில் விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "இப்பத் தூக்குங்க அக்கா." தூக்கினேன். ஒரு சொட்டு விழவில்லை. "இந்த விரல்தான் சார், உள்ள சீட்டுக்கு நடுவுல இருக்கிற திருகு."

அந்தத் திருகுக்கு இடது, வலது, இரண்டும் என்று மூன்று நிலைகள். ஒரு பக்கம் திருப்பினால் மறுபக்கத் தொட்டியின் வழி அடைபடும். நிறுத்திய பிறகும் 'இரண்டும்' என்பதிலேயே விடவேண்டும் என்பது பறக்கக் கற்றுத்தரும் கேப்டன் அம்மாவின் உத்தரவு. "மாத்தி வச்சுட்டு மறந்துபோய் ஏறினா, ஒரு தொட்டி தீர்ந்ததும் மேல எஞ்சின் நின்னுடும். விளையாட்டா?" என்றார் அவர். மேனேஜரும் ஷூவை உதறிக்கொண்டே, "தண்ணி வேற, பெட்ரோல் வேற" என்றார்.

"சரிங்கம்மா, பெட்ரோலையே கேட்டுருவோம்" என்றார் கொத்தனார்.

மூன்றையும் தளும்ப நிரப்பினார். நடுவில் நின்றதற்கு மட்டும் திருகை இடதுக்கு மாற்றச் சொன்னார். மூன்றின் இடது இறக்கைக்கும் கீழே ஒவ்வொரு அலுமினியத் தட்டு வைத்தார். சுள்ளென்ற வெயில். எல்லாரும் கொட்டகை நிழலில் உட்கார்ந்தோம். காவலாளி மட்டும் தள்ளி, மதிலோரம் நின்றார். அரை மணி ஆயிற்று. மேனேஜர் எழப்போனார்.

டக்.

முதல் தட்டு. கொஞ்ச நேரத்தில் மூன்றாவது. பிறகு இரண்டும் போட்டி போட்டுக்கொண்டு, டக் டக்கென்று. நடுத்தட்டு வறண்டே கிடந்தது. கேப்டன் அம்மா அதில் விரலை வைத்துத் தேய்த்து, விரலைப் பார்த்தார். இரவில் சொட்டுவது விடிவதற்குள் காய்ந்துபோவதால்தான் இத்தனை நாள் தரையில் ஈரமே தெரியவில்லை.

"மாப்ளே! இங்க வா!" கொத்தனாரின் குரல் ஓடுதளம்வரை கேட்டிருக்கும். "திருடனைப் புடிச்சாச்சு! வந்து பாரு, சொட்டுச் சொட்டா ஒத்துக்கிறான்!"

மெக்கானிக் கை தட்டினார், பிறகு எல்லாரும். கேப்டன் அம்மா சிரிக்கவில்லை. "திருப்பி வச்சா, கிளம்பும்போது மறக்கக் கூடாதே. அதுக்கு என்ன பண்ணுவீங்க?" என்றார். கொத்தனார் தோளில் கிடந்த சிவப்புத் துண்டை எடுத்து நீளமாகக் கிழித்தார். "நிறுத்தினதும் திருகைத் திருப்பி, இதைக் கட்டிருங்கம்மா. சிவப்பு தொங்கினா திருகைப் பழையபடி வைக்காம வண்டியை எடுக்கக் கூடாது." அவர் வாங்கிக்கொண்டார். மறுநாளே அதை விதியாக எழுதி ஒட்டினார். சாய்ந்த தரையில் தளும்ப ஊற்றவேண்டாம், நாலு விரல் குறைத்து நிரப்பினால் போதும் என்பதும் அதில் இருந்தது.

சந்தேகம் வந்த நாளிலிருந்து, காவலாளி வேலை முடிந்து போகும்போது வாசலில் பையைத் திறந்துகாட்டவேண்டும் என்று வைத்திருந்தார்கள். ஜெயித்த மறுநாள் காலையிலும் அவர் கால் பழக்கத்தில் வாசலில் நின்றது. மேனேஜர் முன்னால் ஜிப்பை இழுத்து, சாப்பாட்டு டப்பாவின் மூடியைக்கூடத் திறந்துவிட்டார். மேனேஜர் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் வேறு பக்கம் பார்த்தார். லாரியிலிருந்து கொத்தனார் இறங்கி வந்தார். டப்பாவை அழுத்தி மூடி, பைக்குள் வைத்து, ஜிப்பைக் கடைசிப் பல்வரை இழுத்து, பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு, மச்சினனுக்கு முன்னால் வாசலைத் தாண்டி நடந்தார்.